ஏட்டு நத்தை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தேன் தடவிப் பேச எனக்கு வராது. இருபத்தாறு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிவப்பு மை. அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் தெரியாத மாதிரியே இருக்கிறேன். காதில் விழுந்ததையெல்லாம் கேட்டதாகக் காட்டிக்கொண்டால் இந்த வேலையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் பின்பக்கச் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. யாருக்கும் எதற்கும் உதவாத இடம், என்னைத் தவிர. சூழலியலும் பரிணாமமும் நடத்துவதற்கு அதைவிட நல்ல கரும்பலகை கிடையாது. அங்கே ஒரு வகை நத்தை உண்டு. சிலவற்றின் ஓடு வெறும் மஞ்சள். சிலவற்றின் ஓட்டில் கறுப்பு வரி. பறவைகள் கண்ணில் பட்டதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கல்லில் அடித்து உடைத்துத் தின்னும். பச்சைப் புல்லில் வரியில்லாதது கண்ணில் படாமல் தப்பும், வரி போட்டது மாட்டும். கறுத்த மண்ணில் நேர் எதிர். தப்பியது முட்டையிடும், மாட்டியது இடாது. இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். இதைப் புரியவைக்க முப்பது பக்கம் எழுதிய பாடப்புத்தகக்காரர்களை என்ன சொல்ல.

பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலை சுலபம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம் ஒன்று ஆய்வுக்கூடச் சுவரில் தொங்குகிறது. பருவத்துக்கு ஒரு தடவை அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பத்து இடத்தில் வீச வேண்டும். சட்டத்துக்குள் எத்தனை வரி நத்தை, எத்தனை வரியில்லாத நத்தை என்று எண்ணி அட்டவணை போட வேண்டும். கீழே நத்தையின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டுக்கு முப்பது மதிப்பெண். பன்னிரண்டுக்குக் கீழே போனால் முழுப் பரீட்சை எழுத நுழைவுச்சீட்டு வராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டியலை ஒட்டினேன். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் இருபதுக்கு மேல். ஒருத்திக்கு மட்டும் ஒன்பது. வகுப்பில் அவளை லேட்டு என்று கூப்பிடுவார்கள்.

பெயருக்கு ஏற்ற பெண்தான். அவள் அம்மா சலவைக் கடை வைத்திருக்கிறாள். விடிந்ததும் வெளுத்த படுக்கை விரிப்புகளை மூட்டையாகக் கட்டி மருத்துவமனையில் இறக்கிவிட்டுத்தான் இவள் பள்ளிக்கூடம் வருவாள். அதற்குள் முன்வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். பின்பக்கச் சுவரேறிக் குதித்து வருவாள். முதல் பீரியட் என்னுடையது. தாமதமாக வந்தவர்கள் அந்தப் பீரியட் முடிந்து மணி அடிக்கும்வரை ஆய்வுக்கூடத்தின் பின்கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது என் சட்டம். இந்த வருடம் பூரா வாரத்தில் மூன்று நாளாவது அவள் அங்கேதான் நின்றாள். ஒரு தடவைகூட மன்னிப்பு கேட்டதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் அம்மாவும் மகளும் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். அம்மா கடையில் கட்டும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. இன்னும் ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டாள். முடியாது, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பட்டியல் கல்வி அலுவலகத்துக்குப் போய்விடும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன்.

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல டீச்சரம்மா. பொம்பளப் பிள்ளைக்கு இது போதும், கடையில நிறுத்துன்னு எங்கண்ணன் ஒரு வருஷமா சொல்லிட்டிருக்காரு. இந்த வருஷம் எழுதி முடிச்சுரட்டும்னு நான்தான் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன். இப்ப இது போச்சுன்னா அவர்கிட்ட எனக்குப் பேச வாய் கிடையாது. மெஷின் முன்னாடி ஒரு தடவை நின்னுட்டா அப்புறம் புத்தகத்தைத் தொடமாட்டா. நானே அப்படித்தான் நின்னேன்."

எனக்கு மனசு இளகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இளகின மனசோடு திருத்தினால் முப்பது மதிப்பெண்ணுக்கு என்ன மரியாதை? நோட்டைப் பிரித்துக் காட்டினேன். வரி போட்டது அறுபத்தொன்று, வரியில்லாதது இருபத்துமூன்று என்று எழுதியிருந்தாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் வரியில்லாதது அறுபத்தெட்டு, வரி போட்டது பத்தொன்பது என்று எழுதியிருந்தார்கள். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரு மாதிரி வரும்போது உனக்கு மட்டும் எப்படித் தலைகீழாக வரும், உட்கார்ந்த இடத்தில் இட்டுக்கட்டினாயா என்று கேட்டேன்.

அந்தப் பெண் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "இட்டுக்கட்டறதா இருந்தா எல்லார் மாதிரியும் எழுதியிருப்பேனே டீச்சர். நான் எண்ணினேன். வேணும்னா நீங்களும் எண்ணிப் பாருங்க."

பக்கத்து மேசையில் இருந்த வேதியியல் ஆசிரியர் பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறதே என்றார். உங்கள் அமிலத்தை நீங்கள் பாருங்கள், என் நத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாய்க்கொழுப்பு என்று அவளையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்த வாக்கியம் காலில் குத்திய முள் மாதிரி கூடவே வந்தது. இட்டுக்கட்டுகிறவர்கள் எல்லார் மாதிரியும்தானே எழுதுவார்கள்?

புதன்கிழமை காலை ஏழரைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன். அவள் பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான் வந்தேன், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை. முதல்நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நத்தைகளுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சுவரில் தொங்கிய மரச்சட்டத்தை எடுத்தேன். எடுத்த கையோடு நான்கு துண்டாகப் பிரிந்து தரையில் விழுந்தது. மூலைகளில் ஆணி துருப்பிடித்துத் தூளாகியிருந்தது. பின்னால் சிலந்தி வலை, அதற்குள் செத்துக் காய்ந்த பூச்சிகள். இந்தச் சட்டத்தை இந்த வருடம் யாரும் தொடவில்லை. போன வருடமும் தொட்டிருக்க முடியாது. அப்படியானால் முப்பத்தொன்பது பேரும் எதை வீசினார்கள்?

பின்பக்கம் போனேன். சுவரோரமாக ஒரு கம்பிச் சதுரம் சாத்தி வைத்திருந்தது. சலவைக் கடையில் சட்டை மாட்டுகிற கம்பி ஹேங்கர்களை நிமிர்த்தி, முனையோடு முனை முறுக்கி, யாரோ செய்திருந்தார்கள். கையிலிருந்த அளவுநாடாவை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு மீட்டர். யார் செய்தது என்று கேட்கவும் வேண்டுமா?

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீசினேன். ஐம்பத்தேழு வயதில் மண்டி போட்டு நத்தை பொறுக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் சதுரத்தில் வரி போட்டது ஏழு, வரியில்லாதது இரண்டு. சரி, தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவதில் ஐந்தும் மூன்றும். மூன்றாவதிலும் அதே கதை. பத்து வீச்சும் முடிந்தபோது வரி போட்டது ஐம்பத்தேழு, வரியில்லாதது இருபத்தாறு.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். அதாவது, நிஜமாகவே பார்த்தேன். ஆய்வுக்கூட ஜன்னல் வழியாகத் தினமும் கண்ணில் படுகிற இடம்தான். நான்கு வருடத்துக்கு முன் கழிவுநீர்க் குழாய் மாற்றுவதற்காக அங்கே தோண்டினார்கள். அதோடு புல் போய்விட்டது. இப்போது இருப்பது கறுத்த மண்ணும் மட்கிய சருகும்தான். நானோ ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் "இடம்: பசும்புல் பரப்பு" என்று எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொன்பது நோட்டிலும் பசும்புல் பரப்பு. லேட்டின் நோட்டில் மட்டும் "கறுத்த மண், சருகு, அங்கங்கே களை" என்று இருந்தது. அதைக்கூட நான் சுழித்து வைத்திருந்தேன்.

ஒரு நத்தையைக் கையில் எடுத்தேன். ஓட்டின் நுனி மேலே இருக்கும்படி பிடித்துப் பார்த்தேன். வாய் வலப்பக்கம் இருந்தது. இருக்கத்தானே செய்யும். இந்த வகை நத்தைக்கு வாய் வலப்பக்கம் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்குத் தெரியும். பையிலிருந்து லேட்டின் நோட்டை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். வாய் வலப்பக்கம். பக்கத்திலேயே என் சிவப்பு மை: "படம் தவறு. வாய் எந்தப் பக்கம்? கவனித்து வரையவும்." அதற்காக நான்கு மதிப்பெண் குறைத்திருந்தேன்.

ஒரே இருப்பில் நாற்பது நோட்டு திருத்தும்போது கண் படத்தைப் பார்ப்பதில்லை, போன நோட்டில் பார்த்ததைத் தேடுகிறது. போன நோட்டில் வாய் இடப்பக்கம் இருந்தால் இந்த நோட்டிலும் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறது. நத்தையைக் கையில் வைத்துக்கொண்டு வரைந்தவளிடம் கவனித்து வரை என்று எழுதியிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேல் ஒரு பை வந்து விழுந்தது. பின்னாலேயே லேட்டு குதித்தாள். என் முன்னால், இரண்டடி தூரத்தில். நான் மண்டி போட்டபடி, கையில் நத்தையோடு. இரண்டு பேருமே கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி விழித்தோம்.

"மணி அடிச்சு பத்து நிமிஷம் ஆச்சு டீச்சர்" என்றாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, "அந்தக் கல்லுக்குப் பின்னாடி ரெண்டு இருக்கு, விட்டுட்டீங்க" என்றாள்.

எழுந்து நிற்க அவள்தான் கை கொடுத்தாள். எப்போது எண்ணினாய் என்று கேட்டேன். வெளியே நிற்கச் சொன்னீர்களே, சும்மா நிற்பதற்கு எண்ணினேன் என்றாள். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. மழை பெய்த மறுநாள்தான் நிறைய வெளியே வரும், அதனால் அந்த நாட்களாகப் பார்த்து எண்ணினேன் என்றும் சொன்னாள். அதை நான் எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று மதியம் சாப்பிடாமல் முப்பத்தொன்பது நோட்டையும் மேசையில் பரப்பினேன். இந்தத் தடவை மதிப்பெண் போட அல்ல, பார்க்க. ஈயடிச்சான் காப்பி என்பார்கள். மூலப்பிரதியில் ஈ செத்து ஒட்டியிருந்தால் காப்பியிலும் ஓர் ஈயை அடித்து ஒட்டுகிற புத்திசாலிகளின் வேலை. இது நத்தையடிச்சான் காப்பி. முப்பத்தொன்பதிலும் வாய் இடப்பக்கம். பதினொரு நோட்டில் அட்டவணை ஆறாம் வீச்சிலிருந்து நேராக எட்டுக்குத் தாவியது, ஏழு இல்லவே இல்லை. ஏழை விட்டுக் கூட்டினால் எண்பத்தேழு வராது. ஆனால் அந்தப் பதினொரு பேரும் எண்பத்தேழு என்றே எழுதியிருந்தார்கள், நானும் டிக் போட்டிருந்தேன். இன்னும் ஒன்பது நோட்டில் நத்தைக்குக் கீழே கோணலாக ஒரு வட்டம். எவனோ ஒருவன் டீ சிந்திய நோட்டைப் பார்த்து வரைந்திருக்கிறான். அடுத்தவன் அந்தக் கறைக்கு நிழல் போட்டிருக்கிறான். ஒரு பெண் அதற்கு அம்புக்குறி இட்டு "ஈரமண்" என்று பாகமே குறித்துவிட்டாள். கோபத்தோடு கோபமாகச் சிரிப்பும் வந்தது.

திட்டித் தீர்க்கலாம் என்றுதான் நினைத்தேன். முப்பத்தொன்பது பேரையும் தலைமை ஆசிரியை முன் நிறுத்தலாம். ஆனால் அந்த நோட்டுகளைப் பார்க்கப் பார்க்க வேறொன்று உறைத்தது. வழிவழியாக வருவது, வழியில் ஒரு பிழை சேர்வது, சேர்ந்த பிழை வாரிசுகளுக்கெல்லாம் இறங்குவது. நான் பரிணாமம் என்று எதைக் கத்திக்கத்தி நடத்துகிறேனோ, அது என் மேசை மேலேயே கிடந்தது.

வியாழக்கிழமை இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் இருந்தது. ஆய்வுக்கூடத்து மேசைகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னேன். தரையில் முப்பத்தொன்பது நோட்டையும் போட்டேன். வருடத்துக்கு ஒன்று என்று நான் மெச்சி எடுத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்த பழைய நோட்டுகள் ஒன்பதையும் போட்டேன்.

"யாரைப் பார்த்து யார் எழுதினீங்கன்னு நான் கேக்கப்போறதில்ல" என்றேன். "நீங்க சொல்லவும் வேண்டாம். எதுல இருந்து எது வந்துச்சுன்னு நோட்டே சொல்லும். அடுக்குங்க."

முதலில் பயந்து பயந்துதான் கை வைத்தார்கள். பத்து நிமிடத்தில் பயம் விட்டுப்போயிற்று. ஏழு இல்லாத நோட்டெல்லாம் ஒரு பக்கம், டீக் கறைக் குடும்பம் இன்னொரு பக்கம் என்று பிரித்தார்கள். ஏழும் இல்லாமல் கறையும் இருந்த ஒரு நோட்டை எங்கே வைப்பது என்று பெரிய சண்டை. இரண்டு பேரைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். எழுதியவன் காது சிவக்கத் தலையாட்டினான். ஏழாவது வீச்சு எங்கே காணாமல்போனது என்று தேடிக்கொண்டே போய் ஐந்து வருடத்துக்கு முந்தைய நோட்டில் பிடித்துவிட்டார்கள். அங்கே பக்கம் திருப்பும் இடத்தில் ஏழு விட்டுப்போயிருந்தது. பொது மூதாதை என்றால் என்ன என்று நான் இருபத்தாறு வருடம் நடத்தியது, அந்த எண்பது நிமிடத்தில் நடந்தது.

லேட்டின் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். "டீச்சர், இதுக்கு உறவே இல்ல."

"அது வெளியில இருந்து வந்தது" என்றாள் லேட்டு, கதவோரத்திலிருந்து.

கடைசியில் எல்லாக் கிளையும் ஒரே நோட்டில் போய் முடிந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தையது. முப்பதுக்கு முப்பது. அட்டையில் என் கையெழுத்தில் "மாதிரி" என்று எழுதியிருந்தது. வருடா வருடம் முதல் வகுப்பில் நான் வரிசை வரிசையாக அனுப்பி, இப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிற நோட்டு. அது யாருடையது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. என் மகனுடையது. அவன் இடக்கைக்காரன். சின்ன வயதிலிருந்தே மீன், பறவை, மனிதன் எது வரைந்தாலும் எதிர்ப்பக்கம் பார்க்க வைத்துத்தான் வரைவான்.

பாடத்தை முடிக்கும் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். பார்த்து எழுதிய நோட்டு இத்தனை பெருகியிருக்கிறதே, எண்ணி எழுதிய நோட்டு ஏன் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது? வகுப்புத் தலைவன், இருபத்தொன்பது வாங்கியவன், மெதுவாக எழுந்தான்.

"எண்ணினவங்களும் இருந்தாங்க டீச்சர். முதல் பருவத்துல நான் கயித்தால சதுரம் கட்டி எண்ணித்தான் எழுதினேன். முழுக்க அடிச்சு பதினொண்ணு போட்டீங்க. ரெண்டாவது பருவத்துல அண்ணனோட பழைய நோட்டை எடுத்துட்டேன்."

இன்னும் இரண்டு பேர் தலை குனிந்தபடி நாங்களும் என்றார்கள். எதை விட்டு வைப்பது, எதைக் கல்லில் அடித்து உடைப்பது என்று பறவைதான் தீர்மானிக்கிறது என்று போன மாதம்தான் நடத்தியிருந்தேன். அப்ப பறவை யாரு என்று பின்வரிசையில் ஒருத்தன் கிசுகிசுத்தான். சிவப்பு மை என்றது இன்னொரு குரல். தெரியாத மாதிரி இருப்பதுதானே என் வழக்கம். அன்று முடியவில்லை. "ஆமா, நான்தான்" என்றேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கக் கரும்பலகையைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகனுக்குப் போன் செய்தேன். அவன் வேறு ஊரில் பல் மருத்துவன். நோயாளிகள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் சொல் என்றான். எனக்கு மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை. ஒன்பது வருடத்துக்கு முன் அவனாவது எண்ணியிருந்தால், அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு இருப்பது என்று இரண்டு புள்ளியாவது கிடைக்கும். புல் போய் மண் கறுத்தபோது நத்தை மாறியதா என்று ஏதாவது சொல்ல முடியும்.

"டேய், பன்னெண்டாவதுல நத்தை எண்ணினியே, உண்மையா எண்ணினியா?"

சிரித்தான். "அம்மா, அந்த வாரம் பூரா அடைமழை. நான் பின்பக்கமே போகல. நீதான் சாப்பிடும்போது அப்பாகிட்ட சொல்லிட்டிருந்தே, அந்தப் புல்லுல வரியில்லாதது எழுபது பக்கம் வரும், வரி போட்டது இருபது பக்கம் வரும்னு. கொஞ்சம் குறைச்சு எழுதினேன். சரியா எழுபதுன்னு போட்டா கண்டுபிடிச்சிருவேன்னு பயம்."

முப்பதுக்கு முப்பது போட்டதை ஞாபகப்படுத்தினான். நான் போனை வைத்துவிட்டேன். ஒன்பது வருடமாக முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் என்னிடம் எழுதிக் கொடுத்தது, சாப்பாட்டு மேசையில் நான் வாய்க்கு வந்தபடி சொன்ன எண். சொன்னதை நானே திரும்ப வாங்கி, நானே மெச்சி, மதிப்பெண் போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்றார். எனக்குத்தான் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் முப்பத்தொன்பது பேரும் பின்பக்கத்தில் நின்றார்கள். இன்று எண்ணி எழுதினால்தான் ரெக்கார்டு செல்லும் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். லேட்டின் அம்மா ஒரு கட்டு ஹேங்கர் கம்பி கொடுத்தனுப்பியிருந்தாள். முறுக்கிச் சதுரமாக்குவது எப்படி என்று லேட்டு எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் சீக்கிரம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். என்னைவிட எட்டு வயது சின்னவர், காரியக்காரர். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு மூன்று மதிப்பெண் கருணையாகப் போட்டு விஷயத்தை முடித்துக்கொள்ளலாமே, ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருக்கிறது, எதற்கு வீண் வம்பு என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் பிச்சை கேட்கவில்லை, எண்ணிப் பார்க்கத்தான் சொன்னாள் என்றேன்.

மதிப்பெண் திருத்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். திருத்தத்துக்குக் காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள் அச்சிட்டிருந்தன: மாணவர் பிழை, அலுவலகப் பிழை. படிவத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

"மூணாவது கட்டம் கிடையாது" என்றார் அவர்.

"வரைஞ்சுக்கறேன்" என்றேன். அளவுகோல் வைத்து ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் ஆசிரியர் பிழை என்று எழுதி, டிக் போட்டேன். ஒன்பதை அடித்து இருபத்தேழு என்று எழுதினேன். முப்பது ஏன் இல்லை என்று கேட்டார். இரண்டு வீச்சுக்குத் தேதி எழுதவில்லை என்றேன். பிழை என்னுடையது என்பதற்காக அவள் தேதி எழுதாதது சரியாகிவிடாது.

பதினொன்றரைக்கு முப்பத்தொன்பது நோட்டும் வந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒருவனுக்கு வரி போட்டது நாற்பத்திரண்டு, இன்னொருத்திக்கு எழுபத்தொன்று. ஆனால் எல்லார் கணக்கிலும் வரி போட்டதுதான் அதிகம். நத்தைக்கெல்லாம் வாய் வலப்பக்கம் வந்திருந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியல் அலுவலகத்துக்குப் போயிற்று. மாணவர் கையொப்பத்துக்காக லேட்டைக் கூப்பிட்டிருந்தேன். படிவத்தில் நான் வரைந்த கட்டத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். அம்மாவிடம் ஒரு போன் பண்ணிக்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

அவள் பேசிவிட்டு வரும்போது நான் அலமாரியிலிருந்து பெரிய பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்திருந்தேன். ஒன்பது வருடமாக நத்தைக் கணக்கை வருடவாரியாக நான் அழகாக எழுதி வைத்திருக்கும் பதிவேடு. கண்காட்சிக்கெல்லாம் போய் வந்தது. புல் அழிந்த வருடம் முதல் இன்றுவரை அந்த இடத்தில் நத்தை மாறியதா, எவ்வளவு மாறியது, பறவையாலா தற்செயலாலா, இனி யாராலும் சொல்ல முடியாது. அது நடந்துகொண்டிருந்த காலமெல்லாம் பத்தடி தள்ளி ஜன்னலுக்குள் நின்று நான் அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

முதல் வருடத்து எண்களை அடித்துவிட்டுப் பக்கத்தில் "எண்ணவில்லை" என்று எழுதினேன். இரண்டாவது வருடத்தை அடித்து, எண்ணவில்லை. மூன்றாவது, எண்ணவில்லை. லேட்டு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது தடவையும் எழுதணுமா டீச்சர்? கீழ மேற்படின்னு போட்டுட்டா போதாதா?"

"மேற்படி போட்டுப் போட்டுத்தான் இந்த நிலைமைக்கு வந்தோம்" என்றேன்.

ஒன்பது தடவையும் எழுதி முடித்தேன். பத்தாவது வரியில் இந்த வருடத்தைப் போட்டுவிட்டு, பேனாவை அவளிடம் கொடுத்து, அவளுடைய எண்களை எழுதச் சொன்னேன். அறுபத்தொன்று, இருபத்துமூன்று என்று எழுதினாள். பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்து, விட்டுப்போன இரண்டு தேதியையும் கேட்காமலே சேர்த்தாள்.